செவக்காட்டுப்பட்டி தபால் ஆபீஸும் அரவிந்தவல்லி அம்மாளும்

அக்கிராசனம் வகிக்கும் பஞ்சாயத்து போர்டுத் தலைவர் ரத்தினவேல் அவர்களே, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸும் வண்டியும் மாறி வந்திருக்கும் அம்மாளின் தமையனார் சடகோபன் சுவாமி அவர்களே, தபால் இலாகா இன்ஸ்பெக்டர் அவர்களே, வாசல் வரைக்கும் நெருக்கி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வேலி ஓரம் நிற்கும் காத்தான் முதலிய பெரியவர்களே, செவக்காட்டுப்பட்டியின் மகாஜனங்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தங்கையனை உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கட்டடத்தில் ஒரு பாதி பள்ளிக்கூடம். மறு பாதி, போன வாரம் வரைக்கும், தபால் ஆபீஸ். நடுவில் ஒரு கீற்றுத் தட்டி. இந்தப் பக்கம் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பக்கம் முத்திரை விழும் சத்தம் கேட்கும். இத்தனை வருஷம் அதைக் கேட்டுப் பழகிய காது என்பதனால்தான் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேறு தகுதி எனக்கு இல்லை.

அரவிந்தவல்லி அம்மாள் மறைந்தார். நீங்கள் போஸ்ட்டம்மா என்று கூப்பிட்ட அரவிந்தவல்லி அம்மாள் மறைந்தார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் பிறந்து, துளசி தீர்த்தமும் திருவாய்மொழியும் காதில் விழ வளர்ந்த ஒரு பெண்மணி, மருங்காபுரிக்கும் அப்பால், கம்பும் கடலையும் தவிர வேறொன்றும் விளையாத இந்தச் செம்மண் காட்டில் எதற்காக வாழ்ந்தார்? எதற்காக இங்கேயே இறந்தார்? அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

அவருடைய கணவர் சௌரிராஜன், இதே பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக முப்பத்தொன்றாம் வருஷம் வந்தார். வாத்தியார் வேலையோடு கிளைத் தபால் ஆபீஸ் வேலையும் அவர் தலையில் விழுந்தது. அப்போது நான் அவருக்குக் கீழே உதவி ஆசிரியன். அவருக்கு இழுப்பு நோய் உண்டு. மார்கழி வந்துவிட்டால் எழுந்திருக்கமாட்டார். அந்த மாதங்களில் தபால் பையைப் பிரித்ததும் கட்டியதும் முத்திரை குத்தியதும் அம்மாள்தான். ஊருக்கு அது தெரியும். இலாகாவுக்குத் தெரியாது. முப்பத்தாறில் சௌரிராஜன் காலமானார். பிள்ளை குட்டி கிடையாது. அம்மாள் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விடுவார், தபால் வேலை எனக்கு வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது இருந்த இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். இதோ இந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நம்மூர்ப் பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். முன்னால் நின்றது பாப்பாயி. இன்றைக்கும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னம்மா வேணும்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இந்த அம்மாவையே வச்சுக்குங்க சாமி" என்றார் பாப்பாயி.

"ஏன், வாத்தியார் நல்லவர்தானே?"

"நல்லவருதாங்க. ஆனா மலாய்ல இருக்குற புருசனுக்குப் பொஞ்சாதி சொல்ற சேதியை அவருகிட்டச் சொல்லி எழுத முடியுங்களா? போன வருசம் பூரா எங்க வீட்லேருந்து, 'நாங்கள் சௌக்கியம், மழை இல்லை'ன்னுதான் காயிதம் போச்சு. நாங்க சௌக்கியமா இல்லைங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பாப்பாயி சொன்னது சத்தியம். இந்த ஊரில் பாதி வீட்டு ஆண்கள் மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்கள். அவர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் நடுவில் இருந்தது கடல் மட்டுமல்ல. எழுதித்தருகிற ஆண்பிள்ளையும் நடுவில் இருந்தான். அந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இலாகா யோசித்ததோ இல்லையோ, அந்த இன்ஸ்பெக்டர் யோசித்தார். உத்தரவு அம்மாள் பெயருக்கு வந்தது.

செய்தி ஸ்ரீரங்கத்துக்குப் போயிற்று. சடகோபன் சுவாமி வண்டி பிடித்துக்கொண்டு தங்கையை அழைத்துப் போக வந்தார். சுவாமி இங்கே இருக்கிறார். இதைச் சொல்லலாம் என்று அவரே எனக்கு அனுமதி தந்திருக்கிறார். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"ஏண்டி, நம்மாத்துப் பொம்மனாட்டி கண்டவா கடுதாசியெல்லாம் வாங்கி முத்திரை குத்திண்டு உக்காந்துண்டிருக்கிறதா? ஊர்ல என்ன சொல்லுவா?"

"அங்கே வந்தா நான் எங்கே உக்காரப் போறேன் அண்ணா? உள்ளே, இருட்டு ரூம்ல. ஆத்துல ஒரு கல்யாணம் கார்த்திகைன்னா எதிர்ல வரப்படாது. இங்கே கார்த்தால எழுந்தா, நான் வரணும்னு வாசல்ல நாலு பேர் காத்துண்டிருக்கா."

சுவாமி சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் புறப்பட்டுப் போனார். அன்றையிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை அரிசியும் புளியும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். இப்படியும் ஒரு தமையனார் இருந்தார் என்பதையும் இந்தச் சபை அறியவேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைத் தலைவர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். காத்தானின் மகன் மலாயிலிருந்து அனுப்பிய முதல் மணியார்டர் வந்த நாள். காத்தான் இதே வேலி ஓரத்தில், இப்போது நிற்கிற இடத்தில்தான், நின்றார். பள்ளிக்கூட வாசலுக்குக் காத்தான் தெருக்காரர்கள் வருவது அந்த நாளில் வழக்கமில்லை. அம்மாள் வெளியே வந்தார்.

"காத்தான், ரேகை வைக்கணும். அங்கேயே நின்னா எப்படி? வாரும்."

காத்தான் நகரவில்லை. அம்மாள் உள்ளே போனார். மேஜையைத் தாமே இழுத்துக்கொண்டு வந்து, எதிரே இருக்கும் புங்கமரத்தடியில் போட்டார். அன்றையிலிருந்து மழை நாள் தவிர மற்ற நாளெல்லாம் தபால் ஆபீஸ் அந்த மரத்தடியில்தான் நடந்தது. மரத்தடிக்கு யார் வரலாம் யார் வரக்கூடாது என்று வழக்கம் ஒன்றும் இல்லையே. மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். தலைவர் அவர்களும் வந்தார். "எல்லாரையும் ஒண்ணா நிக்க வைக்கிறீங்களே அம்மா, இது நல்லா இல்லீங்களே" என்றார். அம்மாள் கையிலிருந்த முத்திரையைக் காட்டி, "எல்லார் கடுதாசியிலயும் இந்த ஒண்ணைத்தான் குத்தறேன். வேறே முத்திரை சர்க்கார் குடுக்கலையே" என்றார். தலைவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது. அதை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். இறந்தவரைத் தெய்வம் ஆக்கிவிட்டுப் போவது சுலபம். அரவிந்தவல்லி அம்மாள் தெய்வம் அல்ல. ஆசாரம் தெரிந்த வீட்டில் பிறந்தவர். மாலையில் ஆபீஸை மூடியதும் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் அடுப்பண்டை போவார். எல்லோருக்கும் தெரிந்துதான் முழுகினார். ஒரு நாள் நான் காத்தானிடம், "உமக்கு அது வருத்தமாயில்லையா?" என்று கேட்டேன். காத்தான் சொன்னார்: "அவங்க குளிச்சுக்கட்டும்ங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கையில குடுக்குறாங்களே. வேற யாரு குடுத்தா?" அதற்குமேல் அந்தப் பேச்சில் நான் என்ன சேர்க்க முடியும்?

அந்த ஐந்தாறு வருஷம் இந்த ஊருக்கு நல்ல காலம். மழை பெய்ததா என்றால் இல்லை. பெண்கள் பேசினார்கள், அதுதான் நல்ல காலம். எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட அம்மாள் வெளியே விட்டதில்லை. ஆனால் பதில் வந்ததும் தெருவில் நடந்ததை நாம் பார்த்தோம். குடியை விட்டவன் உண்டு. தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்க ஓடி வந்தவன் உண்டு. வீரம்மாளின் புருஷன் போட்ட ஒரு கடிதத்தைக் கேட்டுவிட்டு வீரம்மாள் மரத்தடியிலேயே வாய்விட்டுச் சிரித்ததைப் பள்ளிக்கூடமே வேடிக்கை பார்த்தது. என்ன எழுதியிருந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு யுத்தம் வந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் சிங்கப்பூர் விழுந்தது. மலாயிலிருந்து கடிதம் நின்றது. மணியார்டர் நின்றது. அடியோடு நின்றது. இங்கிருந்து போட்டவையும் போகாமல் திரும்பின. தபால் பை தட்டையாக வந்தது, தட்டையாகப் போயிற்று. பையைத் தூக்கி வரும் ஓட்டக்காரரை இலாகா நிறுத்தியது. அம்மாள் தமக்கு வந்த சொற்பத்தில் காத்தானை அமர்த்தி, பெரிய தபால் ஆபீஸ் இருக்கும் துவரங்குறிச்சி வரைக்கும் பையை அனுப்பினார். கொஞ்ச நாளில் ஓலை வந்தது. நஷ்டத்தில் நடக்கும் ஆபீஸ், வரவு தேறாவிட்டால் மூடப்படும் என்று.

நஷ்டம். அந்த வார்த்தை தவறு என்று நான் சொல்லவில்லை. கணக்கில் அது நஷ்டம்தான். ஆனால் கடல் கடந்து போன புருஷனின் முகம் மறந்துகொண்டு வருகிற ஒரு பெண்ணுக்கு, கடிதம் வந்தால் இறங்குவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அம்மாள் கணக்கைக் கணக்காலேயே சரிக்கட்டப் பார்த்தார். கடலை மண்டி வைத்திருக்கும் கியாசுதீன் ராவுத்தரிடம் போனார். "உங்க வியாபாரக் கடுதாசியை எல்லாம் டவுன்ல போடறேளாமே, இங்கே போடப்படாதோ?" என்று கேட்டார். ராவுத்தர், "இன்ஷா அல்லா, நாளையிலேருந்து இங்கேதாம்மா" என்றார். சொன்னபடி செய்தார். அது போதவில்லை. பிறகு பாப்பாயி ஒரு வழி கண்டுபிடித்தார். பெண்கள் கார்டு வாங்கி ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டார்கள். மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்கு. அண்டை வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு. "உன் கோழி என் வீட்டில் முட்டையிட்டது" என்று ஒரு கார்டு. "தெரியும்" என்று பதில் கார்டு. எல்லாவற்றையும் அம்மாளே எழுதி, முத்திரை குத்தி, தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கொடுத்து, வாசித்தும் காட்டினார். அந்தச் சில மாதம் ஊர் சிரித்தது. ஆபீஸும் பிழைத்தது.

அதை நிறுத்தியது இலாகா அல்ல. இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கண்டும் காணாதவராக இருந்தார். நிறுத்தியது அம்மாளேதான். போன வருஷம் அரிசி கிடைக்காமல் ரேஷன் கடை வாசலில் நின்றோமே, அந்த நாள். வீரம்மாள் மரத்தடிக்கு வந்து, "ஒரு கார்டு குடுங்கம்மா" என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். "ஆத்துல அடுப்பு மூட்டினாயோ?" என்று கேட்டார்.

"அது கெடக்குதும்மா. கார்டு குடுங்க."

"மூட்டினாயா, இல்லையா?"

வீரம்மாள் காசை மேஜைமேல் வைத்தார். அம்மாள் மேஜை டிராயரைச் சாத்தினார். "இனிமே இந்த ஊருக்குள்ளேயே போடற கார்டு நான் விக்கறதில்லை. உலை வைக்காத ஆத்துக்குக் கார்டு எதுக்கு? போ, போய் கஞ்சியாவது காய்ச்சு" என்றார்.

"அப்ப ஆபீசு மூடிருமேம்மா" என்றார் வீரம்மாள்.

"மூடினா மூடட்டும். நீ பட்டினி கிடந்து அது திறந்திருக்க வேண்டாம்."

அன்று அம்மாள் செய்தது சரியா தவறா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றோடு ஆபீஸின் ஆயுசு முடிந்தது என்பது மட்டும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தே டிராயரைச் சாத்தினார்.

கடைசி முயற்சியாகத் திருச்சிக்குப் போனார். பெட்ரோலுக்குப் பதில் கரியைப் போட்டு ஓட்டும் கரிவாயு பஸ்ஸில் புகையும் தூசியும் குடித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தார். மறுநாள் சடகோபன் சுவாமியே தங்கையை அழைத்துக்கொண்டு காவேரிப் பாலம் தாண்டி மேலதிகாரியைப் பார்க்கப் போனார். முதலில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகலாம் என்றாராம் சுவாமி. "பெருமாள் படுத்துண்டேதான் இருப்பார் அண்ணா. அந்த அதிகாரி கேம்ப் போயிடுவார்" என்றாராம் தங்கை. எத்தனையோ வருஷம் கழித்து ரங்கநாதனின் கோபுரத்தைப் பார்த்தவர், ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டுதான் சந்நிதிக்குப் போனார்.

அந்த அதிகாரி மரியாதையானவர். நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். "அந்த ஊரில் இப்போது யாருக்கம்மா தபால் வருகிறது?" என்று கேட்டார்.

"வரலை. வரவேண்டியவா இருக்கா" என்றார் அம்மாள்.

"வந்தால் துவரங்குறிச்சியில் வாங்கிக்கொள்ளலாமே."

"மலாய்ல இருக்கிறவா எழுதப் படிக்கத் தெரியாதவா. தோட்டத்துக் கணக்கு எழுதற கிராணி கையில கால்ல விழுந்து எழுதிப் போடறவா. அவாளுக்குத் தெரிஞ்ச விலாசம் உலகத்துல இது ஒண்ணுதான்."

"யுத்தம் முடியட்டும் அம்மா. மறுபடி திறப்பதைப் பற்றி யோசிப்போம்."

"மூடினதை மறுபடி திறந்து நீங்க பார்த்திருக்கேளா?"

அதிகாரி அறுப்பு முடிகிற வரைக்கும் தவணை கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவு. அம்மாள் அதை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

ஐப்பசி மழையோடு குளிர்காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ஒருவர் படுத்தோம். தபால் ஆபீஸில் அந்தக் காய்ச்சலுக்குக் கொய்னாப் பொட்டலம் விற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கொய்னா கிடைத்த ஒரே இடம் அதுதான். அந்த மருந்து விளைகிற தேசமும் யுத்தத்தில் போய்விட்டது என்றார்கள். பொட்டலக் கட்டு இளைத்துக்கொண்டே வந்தது. என் மனைவிக்கு அங்கிருந்துதான் வாங்கினேன். காத்தான் வீட்டுக்கு அங்கிருந்துதான் போயிற்று. தலைவர் அவர்கள் வீட்டுக்கும் அங்கிருந்துதான். அம்மாளுக்கே காய்ச்சல் கண்டபோது நான் சொன்னேன்: "உங்களுக்கென்று கொஞ்சம் எடுத்து வையுங்கள்."

"சரக்கு சர்க்காரோடது வாத்தியாரே. கேட்டு வந்தவாளுக்குத்தான் குடுக்கணும். அடுத்த கட்டுக்கு எழுதியிருக்கேன், வந்துடும்" என்றார்.

சபையோர்களே, அவர் உயிரைத் தியாகம் செய்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. சாகவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அடுத்த கட்டு வந்துவிடும் என்று நினைத்தார். வரவில்லை. ராவுத்தர் திருச்சிக் கடைவீதி முழுக்க ஆள் விட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, ஒவ்வொரு முறையும் அவரைக் கொஞ்சம் கொண்டுபோயிற்று. தை மாதத்தில் அவரால் மரத்தடிக்கு வர முடியவில்லை. கயிற்றுக் கட்டிலைத் தட்டி ஓரத்தில் போட்டுப் படுத்துக்கொண்டு, பையை அங்கேயே பிரித்தார். பாப்பாயி கிட்டே இருந்து கவனித்துக்கொண்டார். கடைசி நாட்களில் பாப்பாயி கையால் கஞ்சி வாங்கிக் குடித்தார். தலைமுழுகவில்லை. முழுகத் தெம்பு இல்லாததனாலா, வேறு காரணத்தினாலா என்று நான் கேட்கவில்லை.

தவணை முடிவதற்குள் அவர் முடிந்துபோனார். போன வாரம் இன்ஸ்பெக்டர் அவர்கள் வந்து முத்திரையையும் தராசையும் இரும்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். ஆபீஸை நான் நடத்துகிறேன், ஊதியம் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். உத்தரவு வந்துவிட்டது என்றார். அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. இன்று இங்கே வராமலே இருந்திருக்கலாம். வந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் பேச்சை முடிக்கும்போது, அன்னார் விட்டுச்சென்ற பணியைத் தொடருவோம் என்று சபதம் எடுப்பது வழக்கம். அக்கிராசனரும் என்னை அப்படித்தான் முடிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாக யோசித்தேன். எதைத் தொடருவது? ஆபீஸ் இல்லை. முத்திரை இல்லை. மறுபடி மனுப் போடுவோம் என்று வீரமாகச் சொல்லலாம். மனுப் போடுவோம். பதில் என்ன வரும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மலாயிலிருந்து நம் ஆட்கள் திரும்புவார்கள் என்று சொல்லலாமா? இரண்டு வருஷமாக ஒரு சொல்கூட வரவில்லை. அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றியபோது வீரம்மாள் வண்டியை மறித்துக்கொண்டு நின்றார். நான் போய், "விடு தாயே, இரண்டு வருஷமாய் உனக்கு அதில் என்ன வந்தது?" என்று கேட்டேன்.

வீரம்மாள் சொன்னார்: "ஒண்ணும் வரலை வாத்தியாரே. தெனம் வந்து கேப்பேன். அந்தம்மா பையைக் கவுத்து எல்லாத்தையும் பாத்துட்டு, 'இன்னிக்கு இல்லே வீரம்மா'ம்பாங்க. அதைக் கேட்டுட்டுப் போயி அன்னிக்கு வேலையைப் பாப்பேன். இல்லேன்னு சொல்றதுக்காச்சும் ஒரு ஆளு வேணும்ல."

அரவிந்தவல்லி அம்மாளின் வேலையில் என்னால் செய்ய முடிந்ததாக அவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது. ஆகவே இந்தச் சபை முன்னால், அம்மாள் பெயரைச் சொல்லி, இதைச் சொல்கிறேன். வாரம் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டதும், நான் துவரங்குறிச்சிக்கு நடந்து போவேன். செவக்காட்டுப்பட்டிக்கு ஏதாவது உண்டா என்று கேட்பேன். அவர்கள் இல்லை என்பார்கள். சரியாகப் பாருங்கள் என்பேன். மறுபடியும் இல்லை என்பார்கள். திரும்பி வந்து, வீரம்மாள் வீட்டு வாசலிலும், பாப்பாயி வீட்டு வாசலிலும், வேலிக்கு அப்பால் காத்தான் தெருவிலும் நின்று, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, இந்த வாரம் இல்லை என்று சொல்லுவேன்.

அம்மாளின் ஆத்மா சாந்தியடையட்டும். நான் அமர்கிறேன்.